ஆம்ப்ளிஃபையரைப் பழைய இங்கிலீஷ் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பேசினால் சரியாக வருமா?

இழைக்காரன்:

வணக்கம். இங்கிலாந்தின் தெற்குப் பக்கம் ஃபைபர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். ஊருக்கும் ஊருக்கும் நடுவே, வயல் ஓரத்தில், கன்டெய்னர் அளவுக்கு ஒரு பெட்டி அறை இருக்கும். உள்ளே இரண்டு ரேக், பேட்டரி வரிசை, ஏசி, உட்கார ஒரே ஒரு நாற்காலி. 80 கிலோமீட்டர் ஓடிக் களைத்து வரும் ஒளியைத் தூக்கிவிட்டு அடுத்த 80க்கு அனுப்புவது அந்த ரேக்கில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர்தான்.

என்னோடு வருகிறவர் வெள்ளைக்காரர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். வருடா வருடம் ‘ஓல்ட் மூர்’ பஞ்சாங்கம் வாங்கி வேனின் டாஷ்போர்டில் போட்டு வைப்பார். ஜோசியத்தில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் சிரிப்பார். அப்பா வாங்கினார், நானும் வாங்குகிறேன் என்பார். இரவில் அதைப் புரட்டிப் புரட்டி எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. மூரிலிருந்து பின்னால் போய்ப் போய் இப்போது 17ஆம் நூற்றாண்டு ஜோசியர் வில்லியம் லில்லியில் நிற்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருவர் 20 நிமிடம் பேசுவார். அடுத்த மாதம் என் முறை, தலைப்பு ஆம்ப்ளிஃபையர். வருகிறவர்களில் முக்கால்வாசி ஓய்வு பெற்றவர்கள். டெசிபெல் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதனால் இப்படி யோசித்தேன்: லில்லி 1644இல் முதல் பஞ்சாங்கம் போட்டார். 1660களில் இங்கிலாந்தில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பஞ்சாங்கங்கள் விற்றன, ஏறக்குறைய மூன்று குடும்பத்துக்கு ஒன்று. ஓர் ஆள் மேஜையில் உட்கார்ந்து எழுதியது நாடு முழுக்கக் கேட்கிறது. அப்படியானால் அச்சகம்தானே அன்றைய ஆம்ப்ளிஃபையர்?

சொல்லிப் பார்த்தேன், காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. மனசு ஒப்பவில்லை. காரணம், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நான் செய்த காரியம். ராமன் பம்ப் லேசர் (ஓடும் இழையையே ஆம்ப்ளிஃபையராக்க உள்ளே செலுத்தும் பலமான ஒளி) வரும் கனெக்டரை, நேரமாகிவிட்டது என்று, மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் துடைக்காமல் செருகிவிட்டேன். அதில் ஒரு தூசு இருந்திருக்கிறது. அரை வாட் என்றால் கேட்க ஒன்றுமில்லை. அதையே இழையின் நடுவே 9 மைக்ரான் அகலத்துக்குள் அடக்கினால் கதை வேறு. கழற்றி ஸ்கோப்பில் வைத்தேன். சாம்பல் நிற வட்டத்துக்கு நடுவே, தாளிப்பில் கருகிய கடுகு மாதிரி ஒரு புள்ளி. விடியற்காலை மூன்று மணிக்குப் புது பிக்டெயில் (முனையில் கனெக்டர் உள்ள இழைத் துண்டு) வைத்து ஸ்ப்ளைஸ் போட்டு ஒட்டினேன். எதிரே இருப்பது கண்ணாடியா தூசா என்று அந்த ஒளி பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபையரும் அப்படித்தான், வருவது செய்தியா குப்பையா என்று பார்க்காது. அச்சகத்தில் ஆள் இருக்கிறார், அவர் பார்ப்பாரே? என் ஒப்பீட்டில் ஓட்டை எங்கே என்று யாராவது சொல்லுங்கள்.

ஈய எழுத்து:

ஓட்டை நீங்கள் சந்தேகப்பட்ட இடத்தில்தான் தம்பி. நான் பத்து வருடம் அச்சுக் கோத்தவள். கையெழுத்துப் பிரதியில் மசி கொட்டியிருந்தால் அந்தக் கறையை நாங்கள் அச்சில் ஏற்ற மாட்டோம். என்ன எழுத்தாக இருக்கும் என்று ஊகித்து, பெட்டியிலிருந்து புது எழுத்தை எடுத்து வைப்போம். ஊகம் சரியென்றால் பிரதி பளிச். தப்பென்றால் அந்தத் தப்பும் பளிச்சென்று ஆயிரம் பிரதியிலும் போகும். கறையோடு சேர்த்துப் போவது ஜெராக்ஸில்தான். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள், ஐந்தாவது தாளில் ரேஷன் கார்டு போட்டோ யாருடையது என்றே தெரியாது.

பஞ்சாங்கத்தை அதற்காக விட்டுவிட வேண்டாம். லண்டன் அச்சு, புத்தக வியாபாரிகளின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனியைப் பாருங்கள். முதலாம் ஜேம்ஸ் 1603இல் கொடுத்த ஏகபோகத்தை 1775இல் தாமஸ் கார்னன் வழக்காடி உடைக்கும்வரை பஞ்சாங்கம் அவர்கள் கையில். பஞ்சாங்கம் போட்ட ஜோசியர்களில் ஜான் கேட்பரி மன்னர் பக்கம், ஜான் பார்ட்ரிட்ஜ் எதிர்ப் பக்கம், இருவரும் அச்சிலேயே ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டவர்கள். ‘புவர் ராபின்’ என்ற இன்னொரு பஞ்சாங்கம் ஜோசியர்கள் அத்தனை பேரையும் கேலி செய்தது. மூன்றும் அதே கம்பெனிக்காக அச்சானவை. என்ன சொல்கிறான் என்பது அவர்களுக்குக் கவலை இல்லை, விற்றால் சரி.

ஒளிக்கும் பஞ்சாங்கத்துக்கும் நிஜமாகவே உறவு வேண்டுமென்றால் லெனர்ட் டிக்ஸ். 1550களில் பஞ்சாங்கம் போட்டவர், லென்ஸும் கண்ணாடியும் வைத்துத் தொலைவில் இருப்பதைப் பார்க்க முயன்றவர். 1576இல் அவர் மகன் தாமஸ், அப்பாவின் பஞ்சாங்க நூலின் பின்னால் கோபர்நிகஸின் சூரிய மண்டலத்தை இங்கிலீஷில் எழுதிச் சேர்த்துவிட்டார். வானிலை ஜோசியத்துக்காக வாங்கியவன் கடைசிப் பக்கங்களில் பூமி சுற்றுவதைப் படித்திருப்பான்!

உங்கள் மூர் விஷயத்தில் எனக்குப் பிடித்தவர் ராய்ஸ்டன் ஊர் ஹென்றி ஆண்ட்ரூஸ். பஞ்சாங்கத்தை ஆரம்பித்த மூர் 1715இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பெயரில் பலன் எழுதியவர் இந்த ஆண்ட்ரூஸ். அதே கை மாலுமிகளுக்கான ‘நாட்டிகல் அல்மனாக்’குக்கும் சந்திரக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. ஒரு கணக்கில் பிசகினால் கப்பல் பாறையில் ஏறும். இன்னொன்றில் எத்தனை பிசகினாலும் அடுத்த வருடமும் விற்கும்.

நாலு டெசிபெல்:

அக்கா சொன்ன அச்சுக்கோப்பவர்தான் எங்கள் பழைய ரீஜெனரேட்டர். 1988இல் அட்லாண்டிக்கில் போட்ட டாட்-8 கேபிளில் அதுதான் இருந்தது: ஒளியை மின்சாரமாக்கி, இது 0, இது 1 என்று முடிவு கட்டி, புது ஒளியாக அனுப்பும். சுத்தமான வேலை. ஆனால் வேகத்தை மாற்றினால் கடலுக்குள் இருக்கும் பெட்டியையே மாற்ற வேண்டும்.

இப்போது ரேக்கில் இருக்கும் எர்பியம் (ஓர் அரிய உலோகம்) ஆம்ப்ளிஃபையர் ஜெராக்ஸ் வகை. 1987இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவும், அமெரிக்காவின் பெல் லேப்ஸில் டெசுர்வீரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்து காட்டினார்கள். இழைக்காரன், அது உங்கள் பக்கத்து ஊராகத்தான் இருக்கும், கூட்டத்தில் மறக்காமல் சொல்லுங்கள். எர்பியம் கலந்த சில மீட்டர் இழை, அதற்குள் 980 நானோமீட்டர் பம்ப் லேசர். அந்த ஒளியில் எர்பியம் அயனிகள் மேல் ஆற்றல் நிலைக்கு ஏறி, சுமார் 10 மில்லி விநாடி அங்கேயே உட்கார்ந்திருக்கும். செய்தி வரும் 1550 நானோமீட்டர் பக்கம் ஒரு ஃபோட்டான் (ஒளித் துகள்) கடந்து போனால் அதே அச்சில் இன்னொன்றைத் தந்துவிட்டு இறங்கும். 80 கிலோமீட்டரில் ஒளி 40இல் ஒரு பங்காகிவிடுகிறது. இங்கே 40 மடங்கு திரும்பக் கிடைக்கிறது. 80, 90 நிறங்கள் ஒன்றாக வந்தாலும் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறும். கேட்பரி, பார்ட்ரிட்ஜ், புவர் ராபின் எல்லாரையும் ஒரே கம்பெனி சுமந்த மாதிரி. இந்த இடத்தில் உங்கள் ஒப்பீடு பொருந்துகிறது.

இரைச்சல் எங்கே என்றால், யாரும் தட்டாமலே சில அயனிகள் தானாக இறங்கிவிடும். அந்தப் பொறியும் ஒளிதான். அடுத்த ஆம்ப்ளிஃபையர் அதையும் செய்தி என்று எண்ணித் தூக்கும். வழக்கமான ஒரு கணக்கு: ஒரு நிறத்துக்கு 1 மில்லிவாட், 80 கிலோமீட்டருக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர், முதலாவதைத் தாண்டியதும் செய்தி இரைச்சலைவிட 37 டெசிபெல் மேலே, அதாவது சுமார் 5,000 மடங்கு. பத்தாவதைத் தாண்டும்போது 27, சுமார் 500 மடங்குதான்.

இரைச்சல் கூடக் கூட, எப்போதாவது ஒரு பொறி 0, 1 பிரிக்கும் கோட்டைத் தாண்டி ‘1’ ஆகிவிடும். லில்லி 1651இல் ஒரு நூலில் படம் படமாக அச்சிட்டார். அதில் ஒன்றில் இரட்டையர் தலைகீழாக நெருப்பில் விழுகிறார்கள். மிதுனம் லண்டனின் ராசி என்பார்கள். 1666இல் லண்டன் எரிந்ததும், அந்த அக்டோபரில் நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது, இவரே கொளுத்தினாரோ என்று. மற்றப் படங்களை யார் கேட்டார்கள்? எங்களிடம் பிழை திருத்தும் குறியீடு இருக்கிறது, குழுவிடம் இல்லை.

சிற்றலை:

நடுவில் ஒரு வார்த்தை, ஹாம் ரேடியோக்காரன். ஜோசியம் நம் தொழிலுக்குள் நிஜமாகவே ஒருமுறை எட்டிப் பார்த்தது. அமெரிக்க ரேடியோ கம்பெனி ஆர்சிஏவின் ஜான் நெல்சன் 1951இல், கிரகங்கள் எந்தக் கோணத்தில் நின்றால் சிற்றலை கெடும் என்று கட்டுரை எழுதினார். 0, 90, 180 பாகை ஆகாது, 60, 120 நல்லது. லில்லியும் 90, 180க்குக் கெட்ட பலன், 60, 120க்கு நல்ல பலன்தான் சொன்னார்! சூரியப் புள்ளிகளை டெலஸ்கோப்பில் பார்த்து உழைத்த மனிதர், கிண்டல் செய்ய மனம் வரவில்லை. பிற்பாடு வந்தவர்கள் கிரகங்களை விட்டுவிட்டு சூரியனையே பார்த்துக்கொண்டார்கள்.

இழைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. 4 லட்சம் பிரதி ஒப்பீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஈய எழுத்து அக்கா, ஜெராக்ஸை எடுத்துக்கொள்கிறேன், ரேஷன் கார்டுக்குப் பதில் இங்கே பஸ் பாஸ். ஆண்ட்ரூஸ் கதையோடு தொடங்கி லில்லியின் நெருப்புப் படத்தில் முடிக்கலாம் என்று திட்டம். ராமன் ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். அந்தப் பெயருக்குரிய சி.வி. ராமன் பிறந்த திருவானைக்காவலில்தான் என் பாட்டி வீடு, அதை விடமுடியாது.

நேற்று ஷிஃப்டில் இதையெல்லாம் கூட்டாளியிடம் சொன்னேன். டாஷ்போர்டிலிருந்து மூரை எடுத்துக் கொடுத்து, நீயே பார் என்றார். ஜோசியப் பக்கங்கள் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன. லண்டன் பாலத்தில் நீர் ஏறி இறங்கும் நேரப் பக்கம் மட்டும் விரல் அழுக்கில் பழுப்பேறி, ஓரம் கிழிந்து கிடந்தது. சனிக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகிறாராம், எட்டு வருடமாக என்னிடம் சொன்னதே இல்லை.

கூட்டத்துக்கு லேசர் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று நூலகத்தில் சொல்லிவிட்டார்கள். கருகிய அந்த பிக்டெயிலை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஸ்கோப்போடு அதைக் கொண்டுபோய், வரிசையாக வந்து பார்க்கச் சொல்லப் போகிறேன்.