புதுப்பிப்பு: மகளின் கன்னத்து வெண்புள்ளி, எட்டு மாதம் கழித்து

மகளின் கன்னத்திலும் விரல் நுனியிலும் வெண்புள்ளி (விடிலிகோ, தோல் நிறமிழக்கும் நோய்) வந்தது, மீனும் பாலும் சேர்த்துக் கொடுத்ததாலா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. உணவு காரணமில்லையாம், உடலின் எதிர்ப்புச் செல்களே நிறமிச் செல்களை அழிக்கின்றன.

பலன் தந்தது, அந்த எதிர்ப்புச் செல்களை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பும் மருத்துவமனையில் தரும் 311 நானோமீட்டர் புறஊதா ஒளிச் சிகிச்சையும். வாரம் இருமுறை ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போனோம். மூன்றாம் மாதம் மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகளவு பழுப்புப் புள்ளிகள், நிறம் திரும்புகிறது! பார்த்ததும் அழுதுவிட்டேன். இப்போது கன்னத்தில் முக்கால்வாசி நிறம் வந்துவிட்டது. புது நிறமிச் செல்கள் மயிர்க்காலிலிருந்துதான் வருமாம், அதனால் மயிர்க்கால் இல்லாத விரல் நுனி மட்டும் அப்படியே.

எதிர்பாராதது: வெண்புள்ளியோடு தைராய்டு குறைபாடும் சேர்ந்து வரலாம் என்று ஒருவர் சொன்னபடி அதையும் பார்த்தோம், சுரப்பு குறைவாக இருந்தது. மாத்திரை தொடங்கியாச்சு. அப்புறம், அமெரிக்கா 2022இல் வெண்புள்ளிக்கு அனுமதித்த ருக்சோலிடினிப் களிம்பு 12 வயதிலிருந்துதான். இவளுக்கு ஒன்பது.