12345678987654321-க்கு 2-உம் 5-உம் காரணியா?

வட்டெண்: இந்த பாலிண்ட்ரோம் (இருபுறமிருந்தும் ஒரேமாதிரி வாசிக்கப்படும்) எண்ணின் பகாக் காரணிகளைக் கண்டுபிடிக்க ஜாவாஸ்கிரிப்டில் ஒரு லூப். 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துப் பார்க்கிறது. விடையில் நான்கு 2, ஒரு 5! 1-இல் முடியும் எண்ணுக்கு இது எப்படிச் சாத்தியம்? எக்செல்லில் கடைசி இரண்டு இலக்கமும் 00. கையால் காரணி பிரிக்க வழி உண்டா?

மீதி_ஒன்று: லூப்பில் தப்பில்லை, எண் உள்ளே நுழையும்போதே மாறிவிட்டது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண், 2⁵³ (9007199254740992) வரைதான் எல்லா முழு எண்களையும் பிசகாமல் வைத்திருக்கும். அங்கிருந்து 2⁵⁴ வரை இரட்டை எண்களுக்கு மட்டுமே இடம். அதனால் உங்களுடையது 12345678987654320 ஆகிவிட்டது. அது 16-ஆலும் 5-ஆலும் வகுபடத்தான் செய்யும். எக்செல் 15 இலக்கங்களோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும்.

எவ்வளவு பெரிய முழு எண்ணையும் பிசகாமல் வைத்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வகையான பிக்இன்ட்டுக்கு (BigInt) மாறுங்கள். ஆனால் எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கொடுங்கள். வெறுமனே கொடுத்தால் பிக்இன்ட் கையில் சேருமுன்பே 320-இல் முடிந்திருக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான். பைத்தானில் இந்தத் தொல்லையே கிடையாது.

பகாப்பித்து: கையால் செய்வது இன்னும் சுலபம். இது 111111111-இன் வர்க்கம். ஒன்பது 1-களை மும்மூன்றாகப் பாருங்கள்: 111 × 1001001. முதலாவது 3 × 37. இரண்டாவது 3 × 333667.

333667 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 578-க்குள். அதுவரை எல்லாப் பகா எண்ணையும் சோதிக்க வேண்டியதில்லை. 1001001-இன் பகாக் காரணி எதுவானாலும் (3 தவிர), 10-இன் அடுக்குகளை அதனால் வகுத்துக்கொண்டே போனால் 9-ஆவது அடுக்கில்தான் முதன்முதலாக மீதி 1 வரும். அந்தக் காரணியில் ஒன்றைக் கழித்து வரும் அடுக்கிலும் மீதி 1 வந்தாக வேண்டும் (ஃபெர்மாவின் சிறு தேற்றம்). ஆகவே அந்தக் காரணியில் ஒன்றைக் கழித்தால் 9-ஆல் வகுபடும். ஒற்றை எண் என்பதால் 18-ஆலும் வகுபடும். 19, 37, 73, 109 என்று 577 வரை மொத்தம் 17 பகா எண்கள்தான். ஒன்றும் வகுக்காது.

விடை: 3⁴ × 37² × 333667². மொத்தக் காரணிகள் 5 × 3 × 3 = 45.

வட்டெண்: அருமை. பத்து 1-களை வர்க்கப்படுத்தினாலும் பாலிண்ட்ரோம் வருமா?

பகாப்பித்து: வராது. பெருக்கலில் நடு நிரலில் பத்து 1-கள் சேர்ந்து 10 ஆகும். அதிலிருந்து 1 இடப்பக்கம் ஏறும். அங்கிருக்கும் 9 பத்தாகி, அதற்கும் இடப்பக்கத்து 8-ஐ 9 ஆக்கும். வலப்பக்கம் அசையாது. கிடைப்பது 1234567900987654321. பதினாறடிமான முறையில் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்டு) எழுதினால் பதினைந்து 1-கள் வரை தாங்கும்.

மீதி_ஒன்று: ஒன்று கவனியுங்கள்: லூப் 11-ஐக் காரணியாகக் காட்டினால், நடு 9-ஐ இரண்டு தடவை தட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். 18 இலக்கமாகிவிடும். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள பாலிண்ட்ரோம் எதுவும் 11-ஆல் வகுபடும். ஒரே இலக்கம் ஒற்றை இடத்தில் ஒருமுறை, இரட்டை இடத்தில் ஒருமுறை வந்து கழிந்துபோகும். உங்கள் 17 இலக்க எண்ணை 11-ஆல் வகுத்தால் மீதி 1.