யூரோப்பியம் கலந்த போரேட் கண்ணாடி: சிவப்பு ஒளி குறைவதை எப்படிப் புரிந்துகொள்வது?

வணக்கம். யூரோப்பியம் போன்ற அருமண் தனிமங்கள் கலந்த கண்ணாடிகளில் வேலை செய்தவர்கள் இங்கே இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள்.

சோடியம் போரேட் கண்ணாடியில் (போரானும் ஆக்சிஜனும் பின்னிய வலைப்பின்னலில் சோடியம் சேர்ந்தது) யூரோப்பியத்தின் அளவை மாற்றாமல், சோடியத்தை மட்டும் படிப்படியாகக் கூட்டி ஒரு வரிசை உருக்கியிருக்கிறேன். 394 நானோமீட்டரில் தூண்டினால் 591-ல் ஆரஞ்சும் 612-ல் சிவப்பும் தெளிவாக வருகின்றன. ஆரஞ்சு காந்த இருமுனைத் தாவல் (ஒளியின் காந்தப் புலம் வழியாக நடக்கும் ஆற்றல் நிலை மாற்றம்), சுற்றுப்புறம் மாறினாலும் பெரிதாக அசையாது. சிவப்புதான் அயனியைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்களின் அமைப்பைக் காட்டிக்கொடுக்கும். சோடியம் கூடக் கூட இந்தச் சிவப்பு–ஆரஞ்சு விகிதம் இறங்குகிறது.

அகச்சிவப்பு நிறமாலையில் மூன்று ஆக்சிஜன் கொண்ட போரான் குறைந்து, நான்கு கொண்டது கூடுவது தெரிகிறது. ஆனால் அது போரான் வலைப்பின்னலின் கதை. யூரோப்பியத்தின் பக்கத்தில் நடப்பது அதுதான் என்று எப்படிச் சொல்வது? விகிதம் இறங்குவதற்குச் சமச்சீர் கூடியது காரணமா, யூரோப்பியம்–ஆக்சிஜன் பிணைப்பின் சகப்பிணைப்புத் தன்மை (எலக்ட்ரான்களைப் பகிரும் அளவு) குறைந்தது காரணமா? ஜட்–ஒஃபெல்ட் கணக்கில் (அருமண் அயனிகளின் ஒளித் தாவல்களின் வலிமையைக் கணிக்கும் முறை) வரும் ஒமேகா-2 என்ற எண் இரண்டையும் சேர்த்தே காட்டுவதால் அங்கேயும் பிரிக்க முடியவில்லை. ஒரே மாதிரிச் சூழலில் உள்ள அயனிகளை மட்டும் தனியாகப் பார்க்க, குறுகிய பட்டை லேசரால், குறைந்த வெப்பநிலையில் தூண்டிப் பார்த்தவர்கள் உண்டா? அது உண்மையில் பலன் தருமா?

அப்புறம் இன்னொன்று. போரிக் அமிலத்திலிருந்து உருக்குவதால் கண்ணாடியில் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன் குழு) தங்கிவிடுகிறது, அது ஒளிர்வு ஆயுளை (தூண்டலை நிறுத்திய பின் ஒளி நீடிக்கும் நேரத்தை) குறைக்கும். சாதாரண மின்உலையிலேயே அதைக் குறைக்க வழி தெரிந்தால் சொல்லுங்கள்.