மார்கழிக் குளிரில் வேகம் கூடியது, கணைக்காலில் வலி: ஓடலாமா, நிறுத்தலாமா?

மஞ்சக்குப்பம்42 கேட்டது:

வணக்கம். வயது 42, எடை 74 கிலோ, கடலூர். ஓட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. ஐப்பசி வரை வாரத்துக்கு 24 கி.மீ., கிலோமீட்டருக்கு 7:15 நிமிடம். கார்த்திகை மழையில் இரண்டு வாரம் வெளியே கால் வைக்க முடியவில்லை. மழை விட்டதும் குளிர் சுகமாக இருக்கிறது, மூச்சும் வாங்குவதில்லை. வேகம் 6:20-க்கு வந்துவிட்டது. விட்டதைப் பிடிக்கலாம் என்று வாரம் 38 கி.மீ. ஓடுகிறேன்.

இப்போது இடது கணைக்காலின் உள்பக்கம், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், ஒரு கிலோமீட்டர் தாண்டினால் மறைந்துவிடும். மறுநாள் காலையில் படி இறங்கும்போது மறுபடி வரும். பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானில் 21 கி.மீ. ஓட எண்ணம், இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு சில்வர் பீச் மணலில் ஓடினால் காலுக்கு மெத்தென்று இருக்குமா? ஓடும் முன் வலி மாத்திரை போடலாமா? மார்கழி முழுக்க வீட்டில் சைவம்தான்.

உப்பளம் ஓட்டம்:

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள் சார். உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கும் மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட், அதாவது ஓட்டச் சுமையால் கணைக்கால் எலும்பின் ஓரத்தில் வரும் வலி. ஒற்றைப் புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, அந்த ஒற்றைக் காலில் குதிக்க முடியாமல் போனாலோ எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். அப்படியானால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் நுண்விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. தான் காட்டும்.

ஏன் இப்போது வந்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கோடையில் விடியற்காலையிலேயே 27, 28 டிகிரி இருக்கும். உடம்பு சூட்டைத் தணிக்கவே நிறைய ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மார்கழியில் 21, 22 டிகிரி ஆனதும் அந்தச் சுமை குறைகிறது. அதே நாடித்துடிப்பில் கூடுதல் வேகம் கிடைக்கிறது. ஆனால் எலும்புக்குக் குளிரும் தெரியாது, கோடையும் தெரியாது. அது எண்ணுவது காலடிகளை, ஒவ்வொரு அடியிலும் விழும் விசையை. புதுச்சுமை வந்தால் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கும், அதன் பிறகுதான் புதிதாகக் கட்டும். கரைக்க மூன்று வாரம் போல, கட்டி முடிக்க மூன்று மாதம் போல. மழையில் ஓய்ந்திருந்து, திரும்பியதும் 24-க்குப் பதில் 38, அதுவும் வேகமாக என்றால் கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் பாரத்தை ஏற்றியிருக்கிறீர்கள்.

இரண்டு வாரம் ஓட்டம் விட்டுப்போனால் பழைய தூரத்தில் பாதியிலிருந்துதான் திரும்பத் தொடங்க வேண்டும். உங்களுக்கு அது 12 கி.மீ. வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு வருடமும் இப்படி இடைவெளி விடத்தான் செய்யும். விட்டதைப் பிடிக்க வேண்டிய கணக்கு எதுவும் இல்லை.

செம்மண் தடம்:

மணல் பற்றிக் கேட்டதற்கு: வேண்டாம். காய்ந்த மணலில் குதிகால் புதையும், ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் சதை இழுத்துத் தூக்க வேண்டும். உங்களுக்கு வலிக்கிற இடத்திலேயே ஒட்டியிருக்கும் சதைக்கு அது இன்னும் வேலை. அலை நனைத்த கெட்டி மணலில் கால் புதையாது, ஆனால் கடல் பக்கம் சரிவு. சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினத்தில் ஒரே திசையில் மூன்று கிலோமீட்டர் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், மற்றது மேட்டில். இடுப்பும் முழங்கால் வெளிப்பக்கமும் அதற்கு விலை கொடுக்கும். சமதளமான மைதானம்தான் உங்களுக்கு ஏற்றது. அண்ணா விளையாட்டரங்கம் பக்கத்தில்தானே இருக்கிறது. அங்கே சுற்றும்போது பாதி நேரம் எதிர்த்திசையில் ஓடுங்கள், கூட்டம் இல்லாத ஓரப் பாதையில். ஒரே பக்கம் வளைந்துகொண்டிருந்தால் ஒரு காலுக்கு மட்டும் சுமை கூடும்.

புதுச்சேரி வரும் நாளில் கடற்கரைச் சாலை நல்லது. காலையில் வண்டி விடமாட்டார்கள், மேடு பள்ளம் இல்லை; ஆனால் தரை கெட்டி, அதனால் மெதுவாக. இந்த மாதங்களில் ஆறரை மணி வாக்கில்தான் சூரியன் வரும். ஐந்து மணிக்கு இருட்டும் பனியும் சேர்ந்திருக்கும்போது ஈ.சி.ஆர்., நெல்லிக்குப்பம் சாலை இரண்டையும் தவிருங்கள். கரும்பு வண்டிகளுக்குப் பின்விளக்கு பல நேரம் இருக்காது. வேறு வழியே இல்லையென்றால் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒளி திருப்பும் பட்டை அணிந்து ஓடுங்கள். போகி விடியலில் மட்டும் எங்கேயும் ஓட வேண்டாம். டயரும் பாயும் எரிந்த புகை பனியோடு தரையிலேயே தங்கும்.

ஷூ நனைந்தால் உள் அட்டையை உருவி, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். வெயிலில் காயவைத்தால் பசை விடும், நடு அட்டை இறுகும். ஈர ஷூவைத் திரும்பத் திரும்பப் போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண். தேங்கிய மழைத் தண்ணீரில், காலில் கீறல் இருக்கும்போது இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் வரும் வழி அதுதான்.

கெடிலக்கரை:

வலி மாத்திரை போட்டு ஓடாதீர்கள் தம்பி. நிறுத்தச் சொல்லும் ஒரே அறிகுறி வலிதான், அதை மறைத்துவிட்டால் ஷின் ஸ்ப்ளின்ட் நுண்விரிசலாக மாறுவது தெரியாது. வியர்த்து நீர் குறைந்த உடம்பில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். ஐஸ் ஒத்தடம் பத்து நிமிடம் வைக்கலாம், துணி சுற்றி. வலி மரக்கும், அவ்வளவுதான். எலும்பை ஆற்றுவது ஓய்வும் சாப்பாடும் தூக்கமும்.

சைவம் என்பதால் குறைவு ஒன்றும் இல்லை, அளவு போதாமல் இருப்பதுதான் பிரச்சினை. 74 கிலோவுக்கு, ஓடுகிறவர் என்றால், நாளுக்கு 105 முதல் 118 கிராம் புரதம் வேண்டும். இட்லி சாம்பாரில் அது நிரம்பாது. வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு டம்ளர் 14 கிராம் போல, பால் 250 மி.லி. 8, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி 7, பன்னீர் 100 கிராம் 18, சோயா உருண்டை காய்ந்த எடையில் 50 கிராம் என்றால் 26. இவற்றை மூன்று நான்கு வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு மாவு 50 கிராம் போட்ட கூழில் 170 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். விரதம் என்று ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்துகிற நாட்களில் ஓட்டமும் வேண்டாம். சத்து போதாத உடம்பு எலும்பையும் கைவிடும். ரத்தத்தில் வைட்டமின் டி ஒருமுறை பார்த்துவிடுங்கள். விடியலுக்கு முன் ஓடி, பகலெல்லாம் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குக் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை நிற்பதில்லை. ஒரு மணி நேரம் ஓடும் நாளில் ஓடும் முன்னும் பின்னும், துடைத்துவிட்டு, எடை பாருங்கள். 74.0 இருந்தது 73.2 ஆகி, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால் போன வியர்வை 1.1 லிட்டர். அதைச் சில மணி நேரத்தில் மெல்ல ஈடுகட்டினால் போதும், எடை கூடும் அளவுக்குக் குடிப்பது ஆபத்து. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாக சோடியம். அதனால் நீண்ட ஓட்டத்துக்குப் பின் மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள், அல்லது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரில் கரைத்து.

மஞ்சக்குப்பம்42:

நன்றி. அழுத்திப் பார்த்தேன், ஆறு விரல் நீளத்துக்குப் பரவலாக வலி. இரவில் இல்லை. ஒற்றைக் காலில் குதிக்க முடிகிறது, லேசாகத் தெரிகிறது. எட்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது? 21 கி.மீ. நடக்குமா?

உப்பளம் ஓட்டம்:

21 வேண்டாம் சார். அங்கேயே 10 கி.மீ. இருக்கிறது, அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஓட்டமே இல்லை. சைக்கிள் 40 நிமிடம், வாரம் நாலு நாள். மூச்சுத் திறன் அதிலேயே நிற்கும். மூன்றாவது வாரம் தொடங்க நிபந்தனை: அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும், எலும்பை அழுத்தினாலும், படி இறங்கினாலும் தொடர்ந்து ஐந்து நாள் வலி இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் இன்னொரு வாரம் சைக்கிள், கணக்கு முழுவதும் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவது வாரம் 2 நிமிடம் நடை, 1 நிமிடம் ஓட்டம், எட்டு முறை. நான்காவதில் 1 நிமிடம் நடை, 3 நிமிடம் ஓட்டம், ஆறு முறை. ஐந்தாவதில் 20 நிமிடம் நிற்காமல். ஆறாவது வாரம் மொத்தம் 12 கி.மீ., ஏழில் 16, அதில் ஒருநாள் மட்டும் 7. எட்டாவது வாரம் இரண்டு சின்ன ஓட்டம், பிறகு போட்டி. எல்லாமே முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில். கடிகாரம் 7:15-க்குக் கீழே காட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். குளிர் உங்களை முன்னால் தள்ளும், பிடித்து நிறுத்த வேண்டியது நீங்கள்தான். ஓடும்போது வலி பத்துக்கு இரண்டைத் தாண்டினாலோ, மறுநாள் காலை தங்கியிருந்தாலோ முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

இடையில் கெண்டைக்காலைப் பலப்படுத்துங்கள், அது சோர்ந்தால்தான் எலும்புக்கு இழுப்பு கூடும். சுவரைப் பிடித்து நின்று குதிகாலை மூன்று நொடியில் தூக்கி, மூன்று நொடியில் இறக்குங்கள். முழங்கால் நேராக வைத்து 15, லேசாக மடக்கி 15, இப்படி மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். வலி இல்லாமல் முடிந்தால் ஒற்றைக் காலில். ஓடும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, 158 என்றால் 166-க்குக் கொண்டுவாருங்கள். அடி குட்டையாகும், கணைக்காலில் விழும் விசை குறையும்.

செம்மண் தடம்:

ஒன்று சேர்க்கிறேன். ஆரோவில் தடம் செம்மண். மழைக்குப் பிறகு வண்டித் தடங்கள் காய்ந்து பள்ளமாக நிற்கும், வேர்களும் உண்டு. ஆறாவது வாரத்திலிருந்து ஒரு ஓட்டத்தையாவது மண் பாதையில் வையுங்கள், வெளிச்சம் வந்த பிறகு.

மஞ்சக்குப்பம்42:

10 கி.மீ.க்கே மாற்றிக்கொள்கிறேன். நாளைக்கு சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டும். மூன்றாவது வாரம் அழுத்திப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.