டி-எஸ்ஸர்: சகர நீக்கியா, சீறல் தணிப்பியா?

அனைவருக்கும் வணக்கம். குரல் பதிவில் காதைக் குத்தும் "ஸ்" ஒலியை அடக்கும் கருவி டி-எஸ்ஸர் (de-esser). அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> டி-எஸ்ஸர் என்பதற்குச் "சகர நீக்கி" என்று வைத்துவிடலாமே? எஸ் என்றால் சகரம்தானே.

வேண்டாம் என்பேன். அந்தப் பெயரில் இரண்டு சொல்லும் தவறு.

முதலில் சகரம். பச்சை, காட்சி என்று சொல்லிப் பாருங்கள். காற்று பல்லிடுக்கில் உரசிக்கொண்டு நீள்வதில்லை. தொல்காப்பியமும் சகரம் இடைநாவும் அண்ணமும் பொருந்திப் பிறப்பதாகத்தான் சொல்கிறது. காதைக் குத்துவது வேறு ஒலி. நுனிநா முன்பல்லின் ஈறை நெருங்க, நடுவே காற்று பீறிடும் ஒலி அது: பஸ், ஸ்டேஷன், பலர் வாயில் சாப்பாட்டின் முதலெழுத்து. எழுத்தை வைத்துப் பெயரிட்டால் ஸ, ஷ, ச மூன்றையும் இழுக்க வேண்டிவரும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்திலிருந்து பெயர் பிறந்தது என்பதற்காக நாமும் எழுத்தையே தேடி அலைவானேன்?

சென்ற வாரம் ஓர் ஒலிநூலுக்காகப் பெண்குரல் ஒன்றைச் சீர்செய்துகொண்டிருந்தேன். "பஸ் ஸ்டாண்டில்" என்று வரும் இடத்தை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் நிறமாலைப் படமாக (எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) விரித்தால், 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பளீரென்று ஒரு பட்டை நிற்கிறது. அதே வரியில் வரும் "பச்சை"க்கு அந்த இடத்தில் நகக்கீறல் போல ஒரு கோடு, அவ்வளவுதான். (மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றே சாய்த்து வைத்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். அதற்குக் கலைச்சொல் தேவையில்லை.)

அடுத்து நீக்கி. இந்தக் கருவி எதையும் நீக்குவதில்லை. குரலின் அந்த உயர் அலைவெண் பகுதியை மட்டும் காவல் காக்கிறது. அதன் வலிமை நாம் வைத்த வரம்பைத் தாண்டும் கணத்தில் அழுத்துகிறது. தாழ்ந்ததும் கையை எடுத்துவிடுகிறது. சில கருவிகளில் முழுக்குரலும் அந்தக் கணத்துக்கு அமுங்கும், சிலவற்றில் அந்தப் பட்டை மட்டும். 5 டெசிபெல் குறைத்தபோது பஸ் பஸ்ஸாகவே இருந்தது, கூர்மை மட்டும் மழுங்கியது. ஆசைப்பட்டு 12 வரை இறக்கினேன்; முன்பல் விழுந்த பிள்ளை பேசுவதுபோல் "பத்" ஆகிவிட்டது. முழுக்க நீக்கினால் பதிவு கெடும். கெடுதலையே கருவிக்குப் பெயராக வைக்க முடியாது.

> "உரசொலித் தணிப்பி"?

தணிப்பி சரி, உரசொலி என்பதன் பொருள் அகலம்; காற்று உரசி வரும் எல்லா ஒலியும் அதில் அடங்கும். ஃபேன் என்னும்போது வரும் ஃபகரமும் உரசொலிதான். அது யார் காதையும் கிழிப்பதில்லை. என் பரிந்துரை "சீறல் தணிப்பி".

> பழைய நாடாப் பதிவுகளின் அடியில் ஓடுவதையும் சீறல் என்கிறோமே, குழம்பாதா?

இதற்குத்தான் இரண்டு நாள் யோசித்தேன். பாம்பு சீறுகிறது, பூனை சீறுகிறது. சட்டென்று எழும், அடங்கும். பெட்ரோமாக்ஸ் விளக்கு சீறுகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, இரைகிறது என்பார்கள். மழையும் இரைகிறது. விடாமல் ஓடுவது இரைச்சல். ஆகவே நாடாவில் கேட்பதை இரைச்சல் என்றே வைத்துக்கொள்ளலாம். "இரைச்சல் குறைப்பு" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எழுந்து அடங்கும் இதற்குச் சீறலை ஒதுக்குவோம்.

தணிப்பியா தணிப்பானா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பெரும்பான்மை எப்படியோ அப்படி. மென்பொருளின் பட்டியலில் மட்டும் செயலின் பெயராகச் "சீறல் தணிப்பு" என்று வரட்டும், பக்கத்தில் இருக்கும் "இரைச்சல் குறைப்பு"க்கு அது இணையாக நிற்கும்.

மைக்கில் பகரம் வெடித்துத் தொம்மென்று விழுகிறதே, அதற்கும் ஒரு பெயர் வேண்டும். அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.