மே மாதத்தில் ஹட்டன் போகலாமா? இளையோர் பணிப்பயணம் பற்றி ஒரு விவாதம்

வில்லியனூர் இளையோர்:
எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு நம்ம கோவில் பங்குப் பேரவையில முடிவெடுக்கணும், அதுக்கு முன்னாடி இங்க வைக்கிறேன். இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கிற ஒரு கோவில் பங்குக்கு மே முதல் வாரம் கிளம்பி 12 நாள் பணிப்பயணம். மொத்தம் 14 பேர்: கல்லூரிப் பிள்ளைங்க 8, வேலைக்குப் போறவங்க 2, பன்னிரண்டாவது முடிச்ச 17 வயசுப் பிள்ளைங்க 2, கூட வர்ற பெரியவங்க 2. காலையில விடுமுறை விவிலியப் பள்ளி, மத்தியானம் லயன் வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுங்க) 4 கழிப்பறை கட்டுறது, கடைசியில ஒரு நாள் மருத்துவ முகாம். ஆளுக்கு 40,000 ரூபாய், அதுல பாதியைப் பங்கு அறக்கட்டளை ஏத்துக்கும். 2025 நவம்பர்ல டிட்வா புயல்ல மலையகத்துல எத்தனையோ இடத்துல மண் சரிஞ்சு வீடுகளை மூடிருச்சு. நம்ம மொழி பேசுற சனம். போறதுதான் சரின்னு எனக்குப் படுது. திட்டத்துல ஓட்டை இருந்தா சொல்லுங்க.

முதுநகர் வாலிபர் சங்கம்:
ஓட்டை மாதத்திலேயே இருக்கிறது தம்பி. மே மாதம் நமக்குத்தான் லீவு. இலங்கை அரசுப் பள்ளிகளுக்கு விடுமுறை வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் இரண்டாம் தவணை தொடங்கிவிடும். நீங்கள் போகும் நாட்களில் பிள்ளைகள் காலை 7.30க்குப் பள்ளிக்குள் இருப்பார்கள், 1.30க்குத்தான் வெளியே வருவார்கள். பெரியவர்கள் விடிந்ததும் பெரட்டுக்களத்துக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போனால், தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயனுக்குத் திரும்பச் சாயங்காலம் ஆகும். உங்கள் காலை வகுப்பில் யார் உட்காருவார்கள்?

5,60,000 ரூபாய் செலவழித்து ஆளில்லாத நேரத்தில் போகிறீர்கள். அதே மே மாதம் இங்கே கடலூரில் தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் பிள்ளைகள் நாள் முழுக்கச் சும்மா இருக்கிறார்கள். 2004 சுனாமியும் 2011 தானே புயலும் அடித்த கரை இது. இங்கே செய்ய வேலை இல்லையா?

வில்லியனூர் இளையோர்:
பள்ளிக்கூடக் கணக்கு எங்களுக்குத் தப்பிப்போச்சு, ஒத்துக்கிறேன். வகுப்பை மத்தியானம் 2.30 முதல் 4.30ன்னு மாத்தி, கட்டட வேலையைக் காலைக்குக் கொண்டுபோகலாம். ஆனா "இங்க வேலை இல்லையா"ங்கிற கேள்வியை ஏத்துக்க முடியல அண்ணே. அப்படிப் பார்த்திருந்தா பிரான்ஸ்ல இருந்து ஒருத்தரும் புதுச்சேரிக்கு வந்திருக்க மாட்டாங்க. துய்ப்புய் சுவாமி 1844ல இங்க ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினதாலதான் எத்தனையோ வீட்டுல பெண்பிள்ளைங்க படிச்சாங்க.

முதுநகர் வாலிபர் சங்கம்:
துய்ப்புய் சுவாமி 12 நாளுக்கு வரவில்லை. தமிழ் கற்று, தமிழ்-பிரெஞ்சு அகராதி தொகுக்கும் அளவுக்கு இங்கேயே ஊறிப்போனவர். எங்கள் ஆற்காடு லுத்தரன் சபைக்கு வந்த டேனிஷ் மிஷனரிகளும் முதலில் மொழியைப் படித்துவிட்டுத்தான் ஊழியத்தில் இறங்கினார்கள். தங்கி உழைத்தவர்களைக் காட்டி, வந்து போகிறவர்களுக்கு நியாயம் கேட்காதீர்கள்.

கழிப்பறைக்கு வருகிறேன். ஒரு குழி நிறைந்ததும் மற்றதுக்கு மாற்றும் இரட்டைக் குழி முறையில்தான் கட்டுவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 4 கழிப்பறைக்கு 8 குழி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மீட்டர் அகலம், 1 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் ஆழம், சுற்றிலும் இடைவெளி விட்டுத் தேன்கூடு போலச் செங்கல் வைக்க வேண்டும். மலை மண்ணில் கடப்பாரை பாறையில் முட்டும். பழக்கமில்லாத பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலும் ஒரு குழிக்கு ஒரு நாள் போய்விடும். 12 நாளில் பயணத்துக்கு 2, ஞாயிறு 2, முகாம் 1 கழித்தால் மிச்சம் 7 நாள், அதுவும் அரை நாள் வேலை. சிமென்ட் பூச்சுக்கு 7 நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். நீங்கள் விமானம் ஏறிய பிறகு யார் ஊற்றுவது? காய்ந்து வெடித்த மேடையைத்தான் அந்தக் குடும்பத்திடம் விட்டுவிட்டு வருவீர்கள்.

பாகூர் மேஸ்திரி:
அண்ணன் சொன்னது சரி. கூட இரண்டு விஷயம். கடையில சாதாரணமா கிடைக்கிற டிராப்புல (கழிப்பறைக் கோப்பைக்குக் கீழ நாத்தம் வராம தண்ணி நிக்கிற வளைவு) 50 மில்லிமீட்டர் தண்ணி நிக்கும், அதைத் தள்ள வாளி வாளியா ஊத்தணும். தண்ணி சுமந்து வர்ற இடத்துக்கு 20 மில்லிமீட்டர் டிராப்பும் சரிவு அதிகமா இருக்கிற கோப்பையும் கேட்டு வாங்குங்க. ஒன்றரை, ரெண்டு லிட்டர்ல சுத்தமா போயிடும். அடுத்தது, ரெண்டு குழிக்கும் பிரியிற தொட்டி. அதுல ஒரு வாயைச் செங்கல்லும் களிமண்ணும் வெச்சு அடைச்சே ஆகணும். புது ஆளுங்க இதை மறந்துடறாங்க. ரெண்டு வாயும் திறந்திருந்தா ரெண்டு குழியும் சேர்ந்தே நிறையும், ஒன்னை ஆறப்போட்டு எருவா எடுக்க வழியே இருக்காது. எந்த வாய் அடைச்சிருக்குன்னு வீட்டுக்காரங்களுக்குக் கையால காட்டிட்டு வரணும்.

இதைவிடப் பெருசு, குழி எங்க விழுதுங்கிறது. லயன் எல்லாம் சரிவுல படிப்படியா இருக்கும். மேல் லயன்ல குழி தோண்டினா கசிவு இறங்கி, கீழ பீலியில (ஊற்றுத் தண்ணி வந்து விழுற இடம்) குடிக்கிற தண்ணியிலதான் போய்ச் சேரும். ஊற்று எங்க ஓடுதுன்னு அங்க உள்ளவங்களுக்குத்தான் தெரியும். வேலையை உள்ளூர்க் கொத்தனார் ரெண்டு பேர்கிட்ட விடுங்க. பிள்ளைங்க மண் அள்ளட்டும், செங்கல்லைத் தண்ணியில ஊற வெச்சு எடுத்துக் கொடுக்கட்டும்.

முதுநகர் வாலிபர் சங்கம்:
மண்ணைத் தொடுவதற்கே இரண்டு அனுமதி வேண்டும். லயன் நிற்கும் நிலம் அந்தக் குடும்பத்துடையது அல்ல, தோட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பது. பங்குத்தந்தை சரி சொன்னால் போதாது, நிர்வாகம் எழுதித் தர வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மலை மாவட்டங்களில் கட்டடம் எழுப்ப தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இசைவும் தேவை. புயலுக்குப் பிறகு அதை யாரும் லேசாக விடமாட்டார்கள்.

ஆடிட்டர் அலுவலகம், புதுவை:
பணத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அறக்கட்டளைப் பணம் இந்தியாவுக்கு வெளியே உள்ள காரியத்துக்குச் செலவானால், நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. நீங்கள் சொன்ன பாதி, அதாவது 2,80,000 ரூபாய், இந்தச் சிக்கலில் விழும். "போகாமல் பணத்தை மட்டும் அனுப்பிவிடலாம்" என்று யாராவது கிளம்பினால் அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எல்ஆர்எஸ் வசதி அறக்கட்டளைக்குக் கிடையாது. போகிறவர்கள் அவரவர் கணக்கிலிருந்து டிக்கெட் எடுக்கட்டும். உதவ நினைக்கும் பங்கு மக்கள் மாணவரின் குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுக்கட்டும், உண்டியல் வழியாக வேண்டாம்.

செவிலியர், கடலூர்:
மருத்துவ முகாமைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நம் மருத்துவர் அங்கே நோயாளியைப் பார்க்க இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு வேண்டும். பெட்டி நிறைய மாத்திரை கொண்டுபோனால் மருந்து ஒழுங்குமுறை அதிகார சபையின் அனுமதி கேட்பார்கள். இரண்டும் கிடைத்தாலும் ஒரு நாள் முகாமில் சர்க்கரை, ரத்த அழுத்தம் கண்டுபிடித்து 10 நாள் மாத்திரை கொடுத்தால், பதினோராம் நாள் அந்த அம்மா என்ன செய்வார்? அங்கே அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். வயதானவர்களை கிளினிக் நாளில் கூட்டிப்போய் வரிசையில் உட்கார்ந்து, சீட்டை வாங்கி வந்தாலே நல்ல உதவி. நம் ஊர் மே மாத வெயிலை நினைத்துத் துணி எடுத்துப் போகாதீர்கள். ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே. இரவில் ஸ்வெட்டர் வேண்டும், ஈரப் புல்லில் அட்டை ஏறும்.

வில்லியனூர் இளையோர்:
சிஸ்டர், முகாமை எடுத்துடறேன். கழிப்பறைக்கு உள்ளூர்க் கொத்தனார், அதுவும் ரெண்டு அனுமதியும் வந்தாத்தான். ஆனா முதுநகர் அண்ணன் கேள்விக்கு ஒரு பதில் இருக்கு. நாங்க போறது செங்கல் தூக்கிறதுக்கு மட்டும் இல்ல. அங்க உள்ள இளையோரும் இங்க உள்ள இளையோரும் ஒரே திருப்பலியில நின்னு, ஒரே பாட்டைப் பாடி, ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் சாப்பிட்டு எழுந்தா, அடுத்த புயலுக்கு நாம கேட்காமலே போன் வரும். அந்த உறவைத் தேவனாம்பட்டினத்துல இருந்துகிட்டு உண்டாக்க முடியாது.

முதுநகர் வாலிபர் சங்கம்:
உறவுக்காக என்றால் முழு மனதோடு ஆதரிக்கிறேன், ஆனால் அவர்கள் ஓய்வாக இருக்கும் நாளில் போங்கள். சித்திரை 1ஐ ஒட்டி தோட்டத்துக்கும் விடுமுறை, பள்ளிக்கும் விடுமுறை. பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருப்பது அப்போதுதான். ஆகஸ்ட் உதவாது, ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்.

விசாவையும் கவனியுங்கள். சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்யக் கூடாது, சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான். என்ன செய்யப் போகிறீர்கள் என்று அப்படியே எழுதி, கண்டி ஆயர் இல்லத்தின் அழைப்புக் கடிதத்தோடு விண்ணப்பியுங்கள். அந்தக் கடிதம் கோவில் வாசலிலும் உதவும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, பையோடு வரும் வெளியாட்களைச் சும்மா உள்ளே விடமாட்டார்கள்.

வில்லியனூர் இளையோர்:
ஏப்ரல்ல கல்லூரிப் பிள்ளைங்களுக்கு செமஸ்டர் வரும் அண்ணே. 14 பேர் கிளம்ப முடியாது. வேலைக்குப் போறவங்க, பன்னிரண்டாவது முடிச்சவங்க, பெரியவங்கன்னு 6 பேர் தேறுவாங்க.

முதுநகர் வாலிபர் சங்கம்:
ஒரு தோட்டப் பங்குக்கு 6 பேரே அதிகம். 14 பேருக்குச் சோறு பொங்கவும் படுக்க இடம் கொடுக்கவும் அந்தச் சனம்தான் திண்டாடும். மிச்சம் 8 பேரையும் மே மாதம் இங்கே அனுப்புங்கள். எங்கள் சபை மண்டபம் காலை 9 முதல் 12 வரை காலியாக இருக்கிறது.

வில்லியனூர் இளையோர்:
8 பேர் வர்றாங்க. மண்டபத்துக்கு வாடகை எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க, பேரவையில வைக்கணும்.

ஆடிட்டர் அலுவலகம், புதுவை:
17 வயதுப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சிறுவயதில் எடுத்தது 5 வருடம்தான் செல்லும், நுழையும் நாளில் இன்னும் 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். புதிதாக எடுப்பதானால் அம்மா, அப்பா இருவரும் இணைப்பு டி படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கூட வரும் பெரியவரின் பெயர் குறித்து, நோட்டரி முன் ஒரு சம்மதக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு கையெழுத்து வந்து சேரவே ஒரு மாதம் ஆகலாம்.