அமெரிக்க இளங்கலை, முழு உதவி: பத்துப் பெயர் போதுமா?

பாலாறு

மாணவர் ஒருவர்: 12-ஆம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், வீட்டு வருமானம் ஆண்டுக்கு 9 லட்சம். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 10,500 டாலர் சொச்சம். பெயர்பெற்ற தனியார் பல்கலைகளில் விடுதி, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஓராண்டுக்கு 85,000 முதல் 95,000 டாலர் ஆகிறது. அவர் விண்ணப்பிக்கப் போட்ட பட்டியலில் பத்தே பெயர்: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன், பிரவுன், நோட்டர் டேம், வாஷிங்டன் அண்ட் லீ. பத்தும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் 'நீட்-பிளைண்ட்'. (நம்மூர் 'நீட்' தேர்வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது பணத் தேவை.) உதவி கேட்கிறாரா என்று பார்க்காமல் முடிவெடுப்பார்கள், சேர்த்தால் தேவை முழுவதையும் தருவார்கள். மற்ற இடங்களில் உதவி கேட்டாலே நிராகரிப்பு என்கிறார்கள். பட்டியலை இப்படியே விடலாமா?

தெற்குவீதி

பட்டியலில் தப்பில்லை, அதை நம்பி உட்காருவதுதான் தப்பு. பையில் பணம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். இடம் கொடுப்பார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பணம் பார்க்காத இடம் என்பதாலேயே உலகம் முழுக்க உதவி தேவைப்படும் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் குவிகிறார்கள். எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு விண்ணப்பங்களில் தேறுவது கிட்டத்தட்ட 2 சதவீதம். ஆம்ஹர்ஸ்டில் ஒரு வகுப்பே 500 பேருக்கும் குறைவு.

செலவையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பக் கட்டணம் சராசரி 80 டாலர், பத்துக்கு 800. உதவி கேட்க நிரப்பும் குடும்ப நிதிப் படிவமான சி.எஸ்.எஸ். புரொஃபைல் முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 16, ஆக 169. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு வெளிநாட்டுக் கட்டணத்தோடு நூறு டாலருக்கு மேல். 90,000 ரூபாய் கையைவிட்டுப் போகும், அதுவும் ஆங்கிலத் தேர்வைச் சேர்க்காமல்.

காலமும் இடிக்கிறது. கடைசி நாள் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம். எல்லாக் கல்லூரிக்கும் போகும் பொதுக் கட்டுரை 650 சொல். அதற்கு மேல் கல்லூரிக்கு மூன்று நான்கு குட்டிக் கட்டுரைகள், பத்துக் கல்லூரிக்கு முப்பது. ஜே.இ.இ. மெயின் முதல் அமர்வும் அதே ஜனவரி, மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்த மூன்று மாதத்தைக் கணக்கு, இயற்பியல், வேதியியலில் போட்டால் 200-க்கு 195 கட்-ஆஃப் வாங்கி அண்ணா பல்கலையிலோ, நன்றாக எழுதினால் என்.ஐ.டி.யிலோ படிக்கலாம். அமெரிக்கா ஓடிவிடாது. அறிவியல், பொறியியல் பி.எச்.டி.யில் கட்டணத் தள்ளுபடியோடு மாத உதவித்தொகையும் தருகிறார்கள். அங்கே யாரும் அப்பா சம்பளத்தைக் கேட்பதில்லை.

கணக்குப்பிள்ளை

தெற்குவீதி சார் செலவுக் கணக்கில் பாதிதான் போட்டிருக்கிறார். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடி கேட்க ஒரு பகுதியே இருக்கிறது. பள்ளி உறுதிப்படுத்தினால் பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவருக்கும் ஏற்கின்றன. கிரின்னெல், கார்ல்டன், கோல்பி, வெல்லெஸ்லி (பெண்களுக்கு மட்டும்) விண்ணப்பக் கட்டணமே வாங்குவதில்லை. சி.எஸ்.எஸ். தள்ளுபடிக் குறியீடு அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தானாகக் கிடைக்கும், நமக்குக் கிடைக்காது. உதவி அலுவலகத்துக்கு நவம்பரிலேயே மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் சில இடங்களில் தருவார்கள், சில இடங்களில் கட்டணமில்லாத வேறு படிவத்தை அனுப்புவார்கள். டிசம்பர் 30-ஆம் தேதி கேட்டால் பதிலே வராது.

பி.எச்.டி. வழியையும் அவ்வளவு அடித்துச் சொல்ல முடியாது. ஆராய்ச்சி மானியங்கள் வெட்டப்பட்டதால் 2025-இல் பல துறைகள் பி.எச்.டி. இடங்களையே குறைத்தன.

இப்போது பாலாறின் கேள்வி. 'உதவி கேட்டாலே நிராகரிப்பு' என்பது பாதி உண்மை. நீட்-அவேர் கல்லூரி என்றால் பணத் தேவையும் முடிவில் ஒரு காரணி. ஸ்டான்ஃபோர்டே வெளிநாட்டு மாணவர்களுக்கு நீட்-அவேர்தான், ஆனால் சேர்த்தவரின் தேவையை முழுக்க நிரப்பும். அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருப்பார்கள். வகுப்பை நிரப்பிக்கொண்டே வந்து, தொகை தீரும் இடத்தில் கோடு. கோட்டுக்கு மேலே பிடித்த பெயர்கள், கீழே 'நல்ல பிள்ளைதான், ஆனால்...' என்ற பெயர்கள். வருடத்துக்கு 80,000 டாலர் கேட்பவரும் 35,000 டாலர் கேட்பவரும் அந்தக் கோட்டருகே ஒன்றல்ல. நம் பாலாறு சொல்லும் மாணவர் 80,000 பக்கம்தான். அதனால் நீட்-அவேர் கல்லூரிக்குப் போட்டால் அங்கே மேல்வரிசையில் நிற்கக்கூடிய இடமாகப் பார்த்துப் போட வேண்டும். பத்தில் நாலு நீட்-பிளைண்ட், ஆறு நீட்-அவேர் என்று வைத்தால் உருப்படியான பட்டியல்.

கெண்டக்கியில் பெரியா கல்லூரியை விட்டுவிட்டீர்கள். 1892 முதல் அங்கே கல்விக்கட்டணமே கிடையாது. சேரும் வெளிநாட்டு மாணவர் எல்லாருக்கும் முதலாண்டுச் செலவு முழுக்கக் கல்லூரியே ஏற்கும். வாரம் குறைந்தது 10 மணி நேரம் வளாகத்தில் வேலை பார்க்க வேண்டும். ஆண்டுக்கு முப்பது வெளிநாட்டவர் அளவில்தான் எடுக்கிறார்கள், ஆக அதுவும் சுலபமில்லை.

பெர்க்லி, மிச்சிகன் மாதிரி அரசுப் பல்கலைகளை மட்டும் யாரும் சேர்க்காதீர்கள். வெளிநாட்டு இளங்கலை மாணவருக்கு அங்கே தேவை அடிப்படை உதவி ஏறக்குறைய இல்லை. இடம் கிடைத்து, போக முடியாமல் அழுததுதான் மிச்சம் என்றாகும்.

புதுவரவு

எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்? நீட்-அவேர் காலேஜ்ல "உதவி தேவையா"ன்னு கேட்கிற இடத்துல 'இல்லை'ன்னு டிக் அடிச்சுட்டு, சேர்ந்த பிறகு வீட்டு நிலைமை மாறிடுச்சுன்னு கேட்டா என்ன?

கணக்குப்பிள்ளை

வேண்டாம் தம்பி. ஸ்டான்ஃபோர்டு உட்படப் பல இடங்களில், விண்ணப்பத்தில் உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு ஆண்டும் கேட்க முடியாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அது போகட்டும், சேர்ந்த கையோடு, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்துக்கு முதலாண்டுப் பணம் இருப்பதற்கு வங்கிச் சான்று கேட்பார்கள். 75 லட்சத்தை எங்கிருந்து காட்டுவது? காட்டவில்லை என்றால் ஐ-20 இல்லை, ஐ-20 இல்லாமல் எஃப்-1 என்ற மாணவர் விசா நேர்காணலுக்கே போக முடியாது.

மணல்மேடு

இரண்டு பேரும் பட்டியலிலேயே நிற்கிறீர்கள். நம்மூர் விண்ணப்பங்கள் மாட்டுவது காகிதத்தில்.

வருமானச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். இ-சேவையில் ஏதோ ஒரு திட்டத்துக்காக வாங்கியது, அதில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய். அதையே உதவி அலுவலகத்துக்கும் ஏற்றுகிறார்கள். கூடவே போகும் வங்கி அறிக்கையில் மாதம் 60,000 வரவு, சி.எஸ்.எஸ். புரொஃபைலில் 9 லட்சம். மூன்று காகிதத்தில் மூன்று வருமானம். அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு நம்மூர்ச் சான்றிதழ்ச் சங்கதி தெரியாது, பொய் என்றுதான் தெரியும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அதையும் படிவம் 16-ஐயும் கொடுங்கள், தாசில்தார் சான்றிதழை உள்ளேயே கொண்டுவராதீர்கள். வரிக்கணக்கே போடாத விவசாயக் குடும்பம் என்றால், எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், விற்ற தொகை, செலவு என்று ஒரு பக்கக் கடிதம் பெற்றோர் கையெழுத்தோடு. விவசாய வருமானத்துக்கு வரிவிலக்கு என்பதையும் அதில் ஒரு வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் ஏன் தாக்கல் செய்யவில்லை என்று திருப்பிக் கேட்பார்கள்.

புரொஃபைலை ரூபாயிலேயே நிரப்பலாம். நாணயம் டாலர் என்று இருப்பதைக் கவனிக்காமல் 9,00,000 என்று அடித்துவிட்டால் ஆண்டுக்கு ஒன்பது லட்சம் டாலர் சம்பாதிக்கும் குடும்பம் ஆகிவிடுவீர்கள். அப்புறம் யார் உதவி தருவார்கள்?

அடுத்தது நிலம். புறவழிச்சாலை ஓரத்தில் இரண்டு ஏக்கர், பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பு 12 லட்சம், சந்தையில் 60 லட்சம் என்று வைப்போம். படிவம் கேட்பது சந்தை மதிப்பை. சொத்தில் ஆண்டுக்கு 5 சதவீதம் வரை குடும்பம் தரலாம் என்பது வழக்கமான கணக்கு, 60 லட்சத்துக்கு அது 3 லட்சம். விற்க முடியாத நிலத்திலிருந்து வராத 3 லட்சம்! அதற்காக மறைக்கக் கூடாது. பாகம் பிரிக்காத சொத்தா, அப்பாவின் பங்கை மட்டும் போட்டு, மொத்தம் எவ்வளவு, எத்தனை பங்காளிகள் என்று சிறப்புச் சூழல் பகுதியில் எழுதுங்கள். நகைக்கடன், தாத்தாவின் மருத்துவச் செலவு எல்லாவற்றுக்கும் அந்தப் பகுதிதான் இடம், வேறு எங்கும் கட்டம் இருக்காது. பட்டா, சிட்டா போன்ற தமிழ்க் காகிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும்.

தெற்குவீதி

மணல்மேடு சொன்னதே என் கட்சிக்குத்தான் சாட்சி. 12-ஆம் வகுப்புப் பிள்ளை பங்காளிச் சொத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தால் வேதியியலை யார் படிப்பது?

விசாவையும் மறந்துவிடாதீர்கள். 2025 மே மாத இறுதியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நேரம் கொடுப்பதையே நிறுத்தினார்கள், ஜூன் 18-க்குப் பிறகுதான் மறுபடி ஆரம்பித்தது, சமூக ஊடகக் கணக்குகளைத் திறந்து வைக்கச் சொல்லி. ஆகஸ்டில் வகுப்பு. அதற்குள் இங்கே கலந்தாய்வும் முடிந்திருந்தால்?

கணக்குப்பிள்ளை

அதனால்தான் கலந்தாய்வில் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்வது. இரண்டில் ஒன்று என்று யார் சொன்னது? கட்டுரை வேலையை 11-ஆம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் முடித்தால் டிசம்பர் காலி. முப்பது கட்டுரையும் முப்பது விதமில்லை. 'ஏன் இந்தக் கல்லூரி' என்பதைத் தவிர மற்றவை ஐந்தாறு கேள்விகளின் மறுபிறவிதான்.

நவம்பர் சுற்றையும் பாருங்கள். இ.டி. (ஏர்லி டிசிஷன்) என்றால் சேர்த்தால் வந்தே தீருவேன் என்ற ஒப்பந்தம், ஒரே கல்லூரிக்குத்தான் போடலாம், பெற்றோரும் பள்ளியும் கையெழுத்திட வேண்டும். நீட்-அவேர் கல்லூரியில் உதவித்தொகைப் பை அப்போது நிறைந்திருக்கும், ஜனவரி சுற்றில் அடி தெரியும். 80,000 கேட்பவருக்கு என் கணக்கில் அதுதான் நல்ல சந்தர்ப்பம்.

மணல்மேடு

இதில் நான் ஒத்துப்போகவில்லை. கல்லூரிகள் பையை இரண்டு சுற்றுக்கும் பிரித்து வைக்கலாம், அதை வெளியில் இருந்து நாம் பார்க்க முடியாது. இ.டி. சுற்றில் விளையாட்டுக்காக எடுக்கப்படும் நீச்சல் வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் இருப்பதால் இடம் கிடைக்கும் சதவீதம் உப்பித் தெரியும். தவிர, எஸ்.ஏ.டி. மதிப்பெண் இல்லாமல் அவசரமாகப் போட்டு, ஒரே இ.டி. வாய்ப்பையும் வீணடிப்பவர்கள் அதிகம்.

ஒரு பயம் மட்டும் தேவையில்லை. உதவி போதவில்லை என்றால் இ.டி. ஒப்பந்தத்திலிருந்து விலக காமன் ஆப்பின் ஒப்பந்தத்திலேயே இடம் உண்டு. கடிதம் வந்ததும் மொத்தத்தைப் பார்க்காமல் உள்ளே பிரித்துப் பாருங்கள். மானியம் எவ்வளவு, வளாக வேலையில் சம்பாதித்துக்கொள் என்று ஒதுக்கியது எவ்வளவு, மருத்துவக் காப்பீடு உண்டா, விமானக் கட்டணம் உண்டா. வளாக வேலைப் பணம் முன்கூட்டிக் கைக்கு வராது, வேலை பார்த்தால்தான் வரும். படிப்பு நடக்கும் காலத்தில் எஃப்-1 மாணவருக்கு வாரம் 20 மணி நேரம்தான் வரம்பு.

பாலாறு

'முழு உதவி' வந்துவிட்டால் கைக்காசு தேவையே இல்லையா?

மணல்மேடு

தேவை. அமெரிக்க அரசின் மாணவர் பதிவான செவிஸுக்குக் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185, ஆக 535 டாலர், 45,000 ரூபாய்க்கு மேல். கல்லூரிப் பணம் வருவதற்கு முன்னால் கட்ட வேண்டியது இது.

வரி ஒன்று இருக்கிறது, பலரும் சொல்வதில்லை. கல்விக்கட்டணம், கட்டாய நூல்களுக்கான மானியத்துக்கு வரியில்லை. விடுதி, சாப்பாட்டுக்கான மானியம் அமெரிக்க வரிச் சட்டப்படி வருமானம். அது 20,000 டாலர் என்றால் எஃப்-1 மாணவருக்கு 14 சதவீதம், அதாவது 2,800 டாலர், பிடித்துவைப்பார்கள். பிடித்துவைக்கப் பணம் கையில் இல்லாததால் கல்லூரிக் கணக்கில் பாக்கியாக நிற்கும், பிள்ளைகள் அதைப் பார்த்து அலறுவார்கள். இந்திய மாணவருக்கு மட்டும் ஒரு நல்ல காலம்: இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி நிலைக்கழிவு (வரி போடுவதற்கு முன் வருமானத்தில் கழிக்கும் தொகை) எடுக்கலாம். 2024-க்கு அது 14,600 டாலர். வேறு வருமானம் இல்லையென்றால் மீதி 5,400-க்கு 10 சதவீதம், 540 டாலர்தான் வரி. அதிகமாகப் பிடித்தது 1040-என்.ஆர். வரிப்படிவம் தாக்கல் செய்தால் திரும்பும். இலங்கை மாணவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், நிலைக்கழிவுச் சலுகை இந்திய ஒப்பந்தத்தில் உள்ளது.

பாலாறு

சரி, பட்டியலை மாற்றுகிறோம். நீட்-பிளைண்டில் நாலு, விண்ணப்பக் கட்டணம் இல்லாத நீட்-அவேரில் மூன்று, பெரியா. எட்டோடு நிறுத்தம். இ.டி. பற்றி உங்கள் இருவருக்கும் உடன்பாடு வரும்வரை யோசனைதான்.

தெற்குவீதி

எட்டோ பத்தோ, ஜே.இ.இ. படிவத்தையும் நிரப்பச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

அதற்கு முன்னால் தலைமை ஆசிரியரிடம் போகச் சொல்லுங்கள். ஆலோசகர் இல்லாத பள்ளியில் காமன் ஆப்பின் பள்ளி அறிக்கை, 9 முதல் 12 வரையான மதிப்பெண், அரையாண்டுக்குப் பிறகு இடைக்கால அறிக்கை எல்லாம் அவர் பெயரில்தான் போகும். அழைப்பு அவருடைய மின்னஞ்சலுக்கு வரும், பாதி நேரம் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். பள்ளியின் முகவரி இருந்தால் அதையே கொடுங்கள், தனிப்பட்ட ஜிமெயில் என்றால் யார் இவர் என்று கேட்டுக் கடிதம் வரும். அரையாண்டு விடுமுறையில் அவரைத் தேடிப் பயனில்லை. டிசம்பர் 10-க்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளி அறிக்கைக்கான 'சமர்ப்பி' பொத்தானை அழுத்த வைத்துவிட வேண்டும்.